கத்தி உறை: கூர் எங்கே போய் நிற்கும்?

கத்திக்குத் தோலுறை தைத்துத் தரும்படி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் பேசுவது நிறத்தைப் பற்றியும், மேலே பொறிக்க வேண்டிய எழுத்தைப் பற்றியும்தான். நான் கேட்கும் முதல் கேள்வி வேறாக இருக்கும்: எந்தக் கையால் உருவுவீர்கள், உறையைக் கட்டியபடி எதன் மேல் உட்காருவீர்கள்? தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர் கவாத்துக் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் பைக்கில் ஏறி இறங்குவார்; அவருக்கு இடைவாரை ஒட்டி உயரத்தில் நிற்கும் உறையைத் தைத்துக் கொடுத்தால், உட்காரும் ஒவ்வொரு முறையும் உறையின் நுனி இருக்கையில் இடித்துக் கத்தியை மேலே தள்ளும். அவருக்கு வாரிலிருந்து ஒரு வளையத்தில் தொங்கி, உட்காரும்போது விலகிக்கொள்ளும் உறைதான் பொருந்தும். நாள் முழுக்க நின்றபடி வேலை செய்பவருக்கு அந்தத் தொங்கல் வெறும் தொல்லை. படகில் மீன் அறுக்கக் கத்தி வைத்திருப்பவருக்கோ நான் தோலுறையே தைப்பதில்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் காய்ந்தால் விறைத்து வெடிக்கும், கத்தியையும் துருப்பிடிக்க வைக்கும். ஒரு துண்டு பி.வி.சி. குழாயைச் சூடுகாட்டித் தட்டையாக அழுத்திக்கொண்டால் போதும் என்று அவர்களிடம் சொல்லிவிடுவேன். பார்க்க அழகாக இராது, ஆனால் அந்த இடத்துக்கு அதுவே சரி.

என்ன வேலைக்கான கத்தி என்று கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுடைய கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. கவாத்துக் கத்தியும் சமையல் கத்தியும் வந்தால் தயக்கமில்லை. இருபுறமும் கூரேற்றிய நீளக் கத்தியைக் கொண்டுவந்து, சட்டைக்குள் மறைவாகக் கட்ட உறை வேண்டும் என்று கேட்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுவேன்.

இனி தோல். சென்னையில் தோல் வாங்குபவர்களுக்குப் பெரியமேடுதான் இடம். ஆனால் அங்கே அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி, காலணிக்கும் கைப்பைக்கும் மேலங்கிக்கும் என்று குரோமியத்தில் பதனிட்ட தோல். மென்மையாக, எல்லா நிறத்திலும், மடித்தால் துணியைப் போல விழும். கத்தி உறைக்கு அது உதவாது. தாவரப் பட்டைகளில் பதனிட்ட தோல்தான் வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதையிலேயே விடை இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னையில் குரோமியப் பதனிடலைச் சோதித்துப் பார்த்தபோது, அவர் மனத்தில் இருந்த பயன்களில் ஒன்று நம் கிணறுகளில் மாடு கட்டி இறைத்த கவலைச் சால், அதாவது தண்ணீர் மொள்ளும் தோல் வாளி. பட்டையில் பதனிட்ட தோல் ஓயாமல் தண்ணீரில் கிடந்தால் சீக்கிரம் நைந்து போகும். குரோமியத் தோல் தண்ணீரைத் தாங்கும், தன் மென்மையையும் விடாது. கவலைச் சாலுக்கு வரமாக இருந்த அந்தக் குணமே உறைக்குச் சாபம். தண்ணீரில் நனைத்து, கத்தியின் மேல் வைத்து அழுத்தி உருக்கொடுத்தால், காய்ந்த பின் அந்த உருவத்திலேயே விறைத்து நிற்கிற தோல் நமக்கு வேண்டும். குரோமியத் தோல் அப்படி நிற்பதில்லை. பதனிட்டபோது தங்கிவிட்ட உப்புகள் எஃகை அரிக்கும் என்பது அதற்கு மேலான கவலை.

தாவரப் பதனிடல் நமக்குப் புதிதன்று. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய் நீரில் முடிக்கிற ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரங்களிலிருந்து கப்பலேறிய காலம் நீண்டது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது. ஆனால் ஈ.ஐ. தோல் பெரும்பாலும் ஆடு, கன்று, சிறு மாடு ஆகியவற்றின் மெல்லிய தோல். உறையின் உள்வரிக்கோ சிறு பேனாக்கத்தி உறைக்கோ அது அருமையாக இருக்கும். இடுப்பில் கட்டும் உறைக்கு 3 முதல் 3.5 மி.மீ. தடிமன் இல்லாவிட்டால் நம்பமுடியாது. அதற்குச் செருப்பின் அடித்தோலாக விற்கும் எருமைத் தோலையோ, கான்பூரிலிருந்து வருகிற சேணத் தோலையோ தேடிப் போகிறேன். மெல்லிய தோலைச் சதுர அடிக் கணக்கிலும் அடித்தோலை எடைக் கணக்கிலும் விற்பார்கள். எடைக் கணக்கில் வாங்கும்போது ஈரம் ஏறிய தோலை எடுத்துவிடக் கூடாது.

கடையில் தோலைச் சோதிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பெரியமேட்டில் நெடுங்காலமாக வியாபாரம் செய்யும் ஒருவர். "பாய், இது பட்டைத் தோல்தானே?" என்று கேட்டபோது, "என்னைக் கேட்காதீங்க தம்பி, ஓரத்தை வெட்டி உள்ளே பாருங்க" என்று கத்தரியை நீட்டினார். அதன் பிறகு நான் யாரையும் கேட்பதில்லை. வெட்டிய ஓரத்தின் நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரிந்தால் அது குரோமியம். முழுவதும் ஒரே பழுப்பாக இருந்தால் பட்டை. முகர்ந்தால் பட்டைத் தோலில் மரவாடை வரும். மேற்பூச்சு இல்லாத தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், பட்டைத் தோல் உடனே குடித்து அந்த இடத்தில் கருமை கொள்ளும். விலங்கின் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டிய துண்டையே கேட்டு வாங்க வேண்டும். வயிற்றுப் பகுதி மலிவாகக் கிடைக்கும்; ஆனால் இழுத்த பக்கமெல்லாம் இழுபடும், நாளடைவில் உறையின் வாய் தொளதொளத்துப் போகும்.

உறை வேலையின் மையம் எது என்று கேட்டால், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கே படாத ஒரு தோல்பட்டையைத்தான் காட்டுவேன். இரண்டு பக்கத் தோல்களையும் நேரடியாக ஒன்றோடொன்று வைத்துத் தைத்துவிட்டால், கத்தியின் கூர் நேராகப் போய் உட்காருவது நூலின் மேல். நாலு முறை உருவி நாலு முறை செருகினால் தையல் அறுந்துவிடும். அடுத்த முறை அவசரத்தில் அழுத்திச் செருகுகிறவரின் கத்தி உறையின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு தொடைக்குப் போகும். ஆகவே இரு தோல்களுக்கும் இடையே, கூர் வருகிற பக்கம் முழுவதும், அலகின் முதுகுத் தடிமனுக்குக் குறையாத ஒரு பட்டையை வைக்க வேண்டும். நான் இதை இடைப்பட்டை என்று சொல்கிறேன். இதன் அகலம் ஏறக்குறைய 10 மி.மீ.; தையலை வெளி ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளிப் போட்டால், கூருக்கும் நூலுக்கும் நடுவே 6 மி.மீ. கெட்டித் தோல் காவலாக நிற்கும்.

இந்தப் பட்டையை எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் வெட்டுவது போதாது. கத்தி உள்ளே போகும் கணத்தில் கூர் முதலில் உரசுவது உறையின் வாயை. எனவே வாயருகே பட்டையைக் கொஞ்சம் அகலமாக்கி, உள்பக்கமாகச் சரிவு கொடுத்துவிட்டால், தவறான கோணத்தில் வந்த கத்தியும் சறுக்கித் தன் வழிக்குப் போய்விடும். நுனிப்பக்கம் வேறு மாதிரி. அங்கே பட்டையை அலகின் நுனிக்குச் சற்று அப்பால் நிறுத்தி, 3 மி.மீ. அளவுக்கு ஒரு திறப்பு விட்டுவைப்பேன். மழைத்தண்ணீரும் உள்ளே சேரும் மண்ணும் வெளியேற அதுதான் வழி. இந்தத் திறப்பைப் பார்த்துவிட்டுத் தையலை முடிக்காமல் விட்டுவிட்டதாக எண்ணிக் கேட்டவர்கள் உண்டு.

அளவு எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தியின் படத்தை அனுப்பினால் உறை தைக்க முடியாது. கத்தியே கையில் வேண்டும். கெட்டித் தாளை மடித்து, மடிப்பில் கத்தியின் முதுகை வைத்து, கூர்ப்பக்கம் இடைப்பட்டைக்கும் தையலுக்கும் இடம் விட்டு வரைந்துகொள்கிறேன். அலகு மட்டும் உள்ளே போகும் உறையாக இருந்தால் இத்துடன் முடிந்தது. பிடியின் மூன்றில் ஒரு பங்கும் உள்ளே போகிற பை உறையாக இருந்தால், பிடியின் தடிமனைத் தோல் சுற்றி வர வேண்டும், 24 மி.மீ. தடிமனான பிடிக்குப் பக்கத்துக்கு 12 மி.மீ. கூட்டி வெட்ட வேண்டும். நான் விரும்பித் தைப்பது இந்த இரண்டாம் வகையைத்தான். பிடியைத் தோலே கவ்விக்கொள்வதால் மேலே வாரும் பித்தானும் தேவைப்படுவதில்லை. பின்லாந்துக்காரர்கள் தங்கள் பூக்கோ கத்திக்குத் தைக்கும் உறை இவ்வகையில் உச்சம். பிடியின் பெரும்பகுதி உறைக்குள் மறைந்திருக்கும், உள்ளே அலகுக்கென்று மரத்தில் ஒரு கூடும் வைத்திருப்பார்கள், தையல் கூர்ப்பக்கம் வராமல் பின்புறத்தின் நடுவில் ஓடும். கூரை மரமே தாங்குவதால் நூலைப் பற்றிய கவலை அவர்களுக்கு இல்லை.

ஒட்டுவதற்கு, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ஃபெவிகால் எஸ்.ஆர். போதுமானது. இருபுறமும் தடவி, ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகு சேர்த்துச் சுத்தியால் தட்ட வேண்டும். ஆனால் பசை என்பது தைக்கும் வரை பிடித்திருக்க மட்டுமே. உறையைத் தாங்குவது தையல்.

மூன்று அடுக்கும் சேர்ந்து 11 மி.மீ. தடிமன் வந்துவிடும். இதில் தையல் இயந்திரத்தை நம்புவதில் எனக்கு விருப்பமில்லை. இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தால் இருபுறமும் பிரிந்துகொண்டே போகலாம். கையால் தைக்கும் சேணத் தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி இருக்கும். ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளும் எதிரெதிர்த் திசையில் கடந்து போகும். ஓரிடத்தில் ஒன்று அறுந்தாலும் மற்றது அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். தையல்களுக்கு இடையே 5 மி.மீ. இடைவெளி எனக்குப் பழக்கம். அதைவிட நெருக்கினால் துளைகளே தோலைக் கிழிக்கும் கோடாக மாறிவிடும். 20 செ.மீ. நீளத் தையலுக்கு ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நூல் பிடிக்கும் என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. ஒவ்வொரு தையலிலும் நூல் 5 மி.மீ. முன்னே நகர்வதற்கு 11 மி.மீ. உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது, அதுவும் இரு ஊசியிலும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

குத்தூசியை நேராக இறக்குவது இதில் கடினமான பகுதி. முன்பக்கம் கோடு பிடித்தாற்போல் இருக்கும் தையல், கை சற்றுச் சாய்ந்தால் பின்பக்கம் பாம்பாக நெளிந்திருக்கும். உறையைப் பார்க்க வருபவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். நூல் தோலின் மேல் துருத்திக்கொண்டிருந்தால் உரசி உரசித் தேய்ந்துவிடும் என்பதால், தைக்கும் கோட்டில் முன்னதாக ஒரு மெல்லிய பள்ளம் கீறிக்கொள்வதும் அவசியம். தேன்மெழுகு தேய்த்த நூலை இழுக்கும்போது அது அந்தப் பள்ளத்தில் 'சரக்' என்று உட்காரும் ஒலியிலேயே இறுக்கம் சரியா என்று தெரிந்துவிடும்.

குத்தூசியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 'கைவேலைப்பாடு' என்று எழுதிய ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் என் உறைக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள். பேருந்து நிலைய வாசலில் குடைக்கடியில் உட்கார்ந்து, இதே குத்தூசியால் இதைவிடக் கெட்டியான தோலைத் தைப்பவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார்கள். தோலைத் தொடுவது எந்தச் சாதிக்காரர் என்பதைப் பொறுத்து ஒரே வேலை கலையாகவும் இழிவாகவும் ஆகிறது. நான் தையலைப் பழகியது அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில்தான்.

தைத்து முடித்த பின் உறையை நனைத்து உருக்கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். சாதாரணத் தண்ணீரில் முக்கினால் தோலிலிருந்து சிறு குமிழ்கள் வரிசையாக எழும். குமிழ் குறைந்ததும் எடுத்துத் துணியால் ஒற்றி, மேற்பரப்பு வெளுக்கத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது. ஈரமான பட்டைத் தோல் 70, 80 டிகிரிச் சூட்டிலேயே சுருங்கிக் கெட்டித்துப் பாழாகிவிடும். நனைந்த உறையை வெயிலிலும் வைப்பதில்லை. மின்விசிறிக் காற்றே போதும்.

கத்தியை அப்படியே ஈரத் தோலுக்குள் செருகிவிடக் கூடாது. தோலில் இருக்கும் பட்டைத் துவர்ப்பும் எஃகின் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் சில நிமிடங்களில் நீலக்கருப்புக் கறை எழும். அதைப் பிறகு போக்குவது கடினம். கருப்பூர்க் கலம்காரியில் கடுக்காய் ஏற்றிய துணியின் மேல் இரும்புக் கரைசலால் எழுதிக் கருப்புக் கோட்டை வரவழைப்பது இதே வேதியியல்தான். கலம்காரிக்காரருக்கு அது மை, நமக்கு அது கறை. அலகில் எண்ணெய் தடவி, சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகே செருக வேண்டும். பிறகு வெளியிலிருந்து கட்டைவிரலாலும், வழுவழுப்பான ஒரு கரண்டியின் முதுகாலும் பிடியின் வளைவுகளை ஒட்டி அழுத்திக்கொண்டு வந்தால், பிடியின் கீழுள்ள விரல்தடுப்பும் ஆணித்தலைகளும் தோலின் மேல் புடைத்துத் தெரியத் தொடங்கும். அந்த விரல்தடுப்புக்கு மேலே, உறையின் வாய்ப்பக்கமாக அரை அங்குலத்தை நன்றாக அழுத்திவிடுவதுதான் சூட்சுமம். காய்ந்த பின் அந்த இடம் ஒரு கழுத்தாகி, கத்தி உள்ளே போகும்போது 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் விழாது.

இத்தனையும் நேர் அலகுக்குச் சரி. அரிவாள் வந்தால் கணக்கே மாறிவிடும். நம் வீச்சரிவாளோ கொக்கி வைத்த தோட்டத்து அரிவாளோ எதுவானாலும், நுனிப்பக்கம் அகன்று வளைந்தும் கழுத்துப் பக்கம் ஒடுங்கியும் இருக்கும். அகன்ற நுனி நுழைய வேண்டுமென்றால் உறையின் வாய் அவ்வளவு அகலமாக இருக்க வேண்டும். அப்படி வைத்தால் ஒடுங்கிய கழுத்து உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். நேபாளத்துக் குக்ரிக்கு மரத்தில் இரு பாதிகளைக் குடைந்து சேர்த்து, மேலே தோலைப் போர்த்தி இதைச் சமாளிக்கிறார்கள். குடகில் ஒடிக்கத்திக்கு உறையே இல்லை. முதுகுப்பக்கம் இடுப்பில் கட்டிய தொடங்கு என்ற உலோகக் கொக்கியில் அலகை மாட்டிக்கொள்வார்கள். பனையேறிகளின் அரிவாள் பெட்டி இவை எல்லாவற்றையும்விட எளிய விடை என்று எனக்குத் தோன்றுகிறது: வாய் அகன்ற, விறைப்பான ஒரு பெட்டி, மரத்தின் உச்சியில் ஒரு கை மட்டையைப் பிடித்திருக்க, மறு கையால் பார்க்காமலே போடவும் எடுக்கவும் முடிய வேண்டும். அங்கே இறுக்கம் குறையே தவிர நிறையில்லை.

நான் அரிவாளுக்குத் தைப்பது முழு உறையன்று, கூரை மட்டும் மூடும் உறை. முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். கூரின் வளைவை அப்படியே ஒட்டி வெட்டிய இடைப்பட்டையோடு இரு தோல்களையும் தைத்து, முதுகின் மேலாக இரண்டு வார்களை டிச் பட்டன் போட்டு மூடிவிடுவேன். அரிவாளை உருவ வேண்டியதில்லை, பக்கவாட்டில் கழற்றி எடுத்தால் போதும். பித்தானின் உலோகம் அலகில் உரசாதபடி உள்பக்கம் மெல்லிய ஈ.ஐ. தோலை ஒட்டிவிடுகிறேன். பித்தளை ஆணி வைக்கிற இடங்களில் நாளடைவில் பச்சைக் களிம்பு பூக்கும். துடைத்தால் போய்விடும் என்பதால் அதைக் குறையாக நான் கருதுவதில்லை.

ஓர வேலை பொறுமையைக் கேட்குமே தவிர மூளையைக் கேட்காது. மூன்று அடுக்கும் ஒன்றாகத் தெரியும் வரை உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பின் கூர்மையைச் சீவி, லேசாக ஈரப்படுத்தி, புளியங்கொட்டைப் பசை தடவி, வழுவழுப்பான மரக்கட்டையால் சூடேறத் தேய்த்தால் ஓரம் கண்ணாடியாக மின்னும். வெளிநாட்டுக் காணொளிகளில் இதற்கென்று விலையுயர்ந்த பிசின்களைக் காட்டுகிறார்கள். தறிக்குக் கஞ்சி போட்ட பசை இதற்கும் உதவுகிறது. கடைசியாகத் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் சேர்த்து உருக்கிய கலவையை மெல்லிய ஒரே பூச்சாகத் தடவுவேன். செருப்புக்கு ஊற்றுவதைப் போல விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டால் தோல் குழைந்து, அரும்பாடுபட்டுக் கொடுத்த உருவம் போய்விடும்.

உறையைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனையையும் சேர்த்தே கொடுக்கிறேன்: இது கத்தியைக் கொண்டுபோவதற்கு, வைத்திருப்பதற்கு அன்று. லாரிப் பட்டாவை, அதாவது அதன் வில்தகட்டை, அடித்துச் செய்த கத்தியோ வேறு கரி எஃகுக் கத்தியோ, உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தால், சென்னையின் ஐப்பசி கார்த்திகைக் காற்றில் தோல் குடிக்கும் ஈரமும் அதன் துவர்ப்பும் சேர்ந்து அலகில் புள்ளி புள்ளியாகத் துருவை ஏற்றிவிடும். துருப்பிடிக்காத எஃகு என்று விற்பவையும் அந்தப் பெயருக்கு முழுதும் உண்மையாக இருப்பதில்லை. வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து, எண்ணெய் விரலால் ஒருமுறை தடவி, செய்தித்தாளில் சுற்றித் தனியே வைக்க வேண்டும். உறையைக் காற்றோட்டமான இடத்தில் ஆணியில் மாட்டலாம். பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்தால் பூஞ்சை பூக்கும். பூத்துவிட்டால் பதற வேண்டாம்: உலர்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்து, நிழலில் இரண்டு நாள் ஆறவிட்டு, மெழுகை மறுபடி ஒரு பூச்சுத் தடவுங்கள். வாய்ப்பக்கத் தையலில் ஏதேனும் ஒன்று தளர்ந்ததாகத் தெரிந்தால் மட்டும், அதற்குப் பிறகு அந்த உறையை இடுப்பில் கட்டாமல் கத்தியோடு சேர்த்து என்னிடம் அனுப்பிவிடுங்கள்; அந்த ஒரு தையலுக்குப் பின்னால் இடைப்பட்டை எந்த அளவுக்கு வெட்டுப்பட்டிருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.